டால்ஸ்டாய் பண்ணைப் பள்ளியில் தமிழும் கணக்கும்: பிள்ளைகள் என்னதான் படித்தார்கள்?

லாலி ஸ்டேஷன்
தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருக்கிற எங்கள் லெனேசியாவின் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை டால்ஸ்டாய் பண்ணைக்கு அழைத்துப்போவது என்று முடிவாகியிருக்கிறது. போய்ச் சேர்ந்ததும் காந்தி, கல்லன்பாக், சத்தியாகிரகம் என்று வழக்கமான சொற்பொழிவு ஒன்று நடக்கும். பிள்ளைகள் போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பதிலாக, "உங்கள் வயசுப் பிள்ளைகள் இங்கே உட்கார்ந்து என்ன பாடம் படித்தார்கள்?" என்று தொடங்கலாம் என நினைக்கிறேன். அதற்காகத்தான் இந்த இழை.

தெரிந்தவரை சொல்லிவிடுகிறேன். 1910 மே மாதக் கடைசியில் காந்தியின் நண்பரான கட்டடக் கலைஞர் ஹெர்மன் கல்லன்பாக் தன்னுடைய 1,100 ஏக்கர் நிலத்தை, இந்தியருக்கு எதிரான சட்டங்களை எதிர்த்துப் போராடிய சத்தியாகிரகிகளுக்கு வாடகை வாங்காமல் விட்டார். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல். சுமார் ஆயிரம் பழமரங்கள் இருந்தன. ஜெயிலுக்குப் போனவர்களின் குடும்பங்கள் அங்கே வந்து தங்கின. பிள்ளைகள் மட்டும் 20, 30 பேர். குஜராத்தி, தமிழர், தெலுங்கர், வட இந்தியர் எல்லாரும் கலந்து இருந்தார்கள். படித்த ஆசிரியர்கள் இந்த நாட்டில் கிடைப்பதே அரிது; கிடைத்தாலும் குறைந்த சம்பளத்துக்கு இவ்வளவு தூரம் வர ஆள் இல்லை. ஆகவே காந்தியும் கல்லன்பாக்கும் பிராக்ஜி தேசாயுமே வாத்தியார்கள்.

காலையில் தோட்ட வேலை, சமையல், தச்சு, செருப்புத் தைப்பது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பள்ளி. ஏட்டுப் படிப்புக்கு அதிகம் போனால் மூன்று பீரியட். அதற்குள் இந்தி, தமிழ், குஜராத்தி, உருது, ஆங்கிலம், குஜராத்தி இந்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சமஸ்கிருதம், எல்லாருக்கும் சரித்திரம், பூகோளம், கணக்கு. இதையெல்லாம் எப்படி நடத்தினார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

சந்தேகப் பிராணி
நடத்தவில்லை என்பதுதான் பதில். காலையெல்லாம் மண் வெட்டிவிட்டு, சாப்பிட்டு, சூட்டில் உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். பிள்ளைகளும் தூங்கி வழிந்தார்கள், தானும் தூங்கி வழிந்தேன், கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டு பாடம் நடத்தினோம் என்று காந்தியே எழுதியிருக்கிறார். மூன்று பீரியடை ஆறு மொழிக்கும் மூன்று பாடத்துக்கும் பிரித்துப் பாருங்கள். கொள்கையாகப் பார்த்தால் அழகு. பள்ளியாகப் பார்த்தால் நான் என் பிள்ளையைச் சேர்க்கமாட்டேன்.

டர்பன் பேரன்
சந்தேகம் அண்ணே, ஆறு மொழியும் ஒரே பிள்ளைக்கு இல்லை. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ், குஜராத்திப் பிள்ளைக்குக் குஜராத்தி. அவரவர் தாய்மொழியிலேயே மற்றப் பாடமும். இதுதான் அந்தக் காலத்துக்குப் புதுசு. எங்கள் டர்பன் பக்கம் அரசாங்க உதவி பெற்ற இந்தியர் பள்ளிகளில் எல்லாமே ஆங்கிலம். எங்கள் தாத்தா தலைமுறை தமிழ் எழுத்துக் கற்றது கோயில் பக்கத்துச் சாயங்கால வகுப்பில். நாங்கள் அதை இன்னும் 'வெர்னாக்குலர் ஸ்கூல்' என்றுதான் சொல்கிறோம். அரசாங்கப் பள்ளிக்குள் தமிழ் ஒரு பாடமாக நுழைந்ததே 1984இல்தான். டால்ஸ்டாய் பண்ணை அதற்கு முக்கால் நூற்றாண்டு முந்தி.

கரும்புக்காடு
தமிழ் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பிள்ளைகளுக்கு இது பிடிக்கும்.

தமிழ் சொல்லிக்கொடுத்தவர் காந்தியேதான். அவருக்குத் தமிழ் எப்படி வந்தது? கப்பல் பயணத்திலும் ஜெயிலிலும் தானே படித்தது. கையில் இருந்தது ஜி. யு. போப் எழுதிய தமிழ்க் கைந்நூல். 1855இல் முதலில் வந்த புத்தகம். இங்கிலாந்திலிருந்து வருகிற பாதிரிமாரும் அதிகாரிகளும் பேச்சுத் தமிழ் பழகுவதற்காக எழுதப்பட்டது. அதைத் தாண்டித் தான் போகவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆக, வெள்ளைக்காரருக்காக இங்கிலீஷில் எழுதிய தமிழ்ப் பாடத்தை ஒரு குஜராத்தி வக்கீல் படித்து, அதை ஜோகன்னஸ்பர்க் இருக்கிற டிரான்ஸ்வாலில் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இந்தச் சுற்று வழியை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அந்தப் பிள்ளைகளோ இந்த நாட்டில் பிறந்தவர்கள். வீட்டில் பேச்சு கொஞ்சம் உண்டு, எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அதனால் அவர் எழுத்தும் கொஞ்சம் இலக்கணமும் சொல்லிக்கொடுத்தால் போதுமாக இருந்தது. பேச்சில் தங்களை அவர் ஜெயிக்க முடியாது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். இங்கிலீஷ் தெரியாத தமிழர் யாராவது அவரைப் பார்க்க வந்தால் இந்தப் பிள்ளைகள்தான் மொழிபெயர்ப்பார்கள். வாத்தியாருக்குத் தெரியாததை மாணவன் வந்து நிரப்புகிற வகுப்பு. தெரியாததை மறைக்க நான் முயலவில்லை, அதனால்தான் அவர்களுடைய அன்பை இழக்கவில்லை என்ற பொருளில் காந்தி எழுதுகிறார். பின்னாளில் அவர் 'மோ. க. காந்தி' என்று தமிழில் போட்ட கையெழுத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த எழுத்தெல்லாம் தென்னாப்பிரிக்கக் காலத்துப் பழக்கம்.

உருது வகுப்பில் நிலைமை வேறு. முஸ்லிம் பிள்ளைகளுக்கு எழுத்து முன்பே தெரியும். அவர்களைப் படிக்கத் தூண்டுவதும் கையெழுத்தைத் திருத்துவதும்தான் அவர் வேலை.

லாலி ஸ்டேஷன்
கரும்புக்காடு ஐயா, அருமை. மொழிபெயர்ப்பு விஷயத்தை வைத்தே ஒரு சின்ன நாடகம் போடலாம் போலிருக்கிறது. எங்கள் வகுப்பிலும் இதே நிலைமைதான், தலைகீழாக. பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியும், பேச்சு வராது.

சந்தேகப் பிராணி
நாடகம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெற்றோர்கள் பக்கம் நின்று பாருங்கள். 1911இல் ஒரு தமிழ்ப் பையனுக்கு ஜோகன்னஸ்பர்க்கில் குமாஸ்தா வேலை, கடைக் கணக்கு வேலை வேண்டுமென்றால் இங்கிலீஷ் வேண்டும், கணக்கு வேண்டும். டர்பனில் வெள்ளைக்காரப் பள்ளியில் இந்தியப் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தபோது நம்மவர்கள் கேட்டு வாங்கியது என்ன? 1899இல் கார்லைல் தெருவில் ஹையர் கிரேட் இந்தியன் ஸ்கூல். இங்கிலீஷ் பள்ளி. மக்கள் தேடிப்போனது அதைத்தான். தாய்மொழிக் கல்வி வசதி உள்ளவன் பேசுகிற பேச்சு.

டர்பன் பேரன்
அதில் பாதி சரி. ஆனால் இங்கிலீஷை அவர் விலக்கவில்லையே, அதுவும் பாடத்தில் இருந்தது. இன்னொன்று, கையால் வேலையும் ஏட்டுப் படிப்பும் சேர்ந்த பள்ளி இந்த நாட்டில் அவர் மட்டும் கண்டுபிடித்ததும் இல்லை. டர்பன் பக்கம் காந்தி முன்பு தொடங்கிய பீனிக்ஸ் பண்ணைக்குப் பக்கத்திலேயே ஒலாங்கேயில் ஜான் டூபே ஜூலுப் பிள்ளைகளுக்குத் தொழிற்பள்ளி தொடங்கியிருந்தார். அமெரிக்காவில் புக்கர் டி. வாஷிங்டன் நடத்திய டஸ்கீகியைப் பார்த்துவிட்டு வந்து செய்தது. பீனிக்ஸ் பண்ணை 1904, ஒலாங்கே அதற்கும் முந்தி. 1994 தேர்தலில் மண்டேலா ஓட்டுப்போட்டது அந்தப் பள்ளியில்தான். நடந்துபோகிற தூரத்தில் இரண்டு பள்ளிகள், ஒரே மாதிரி யோசனை. நம் ஆட்கள் டால்ஸ்டாய் பண்ணையைத் தனியாகத் தூக்கிவைத்துப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை.

கணக்கு டீச்சர்
எல்லாரும் மொழியைப் பிடித்துக்கொண்டீர்கள். கணக்குப் பாடம் என்று ஒன்று இருந்ததே, அதை யாரும் தொடவில்லை. காந்தியும் 'கணக்கு' என்று ஒரு சொல்லோடு தாண்டிவிட்டார். நான் ஊரிலிருந்து வந்து இங்கே கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். எனக்கு இதுதான் ருசியான இடம்.

அந்தப் பிள்ளைக்கு முன்னால் இருந்த கணக்கு எது? பவுண்ட், ஷில்லிங், பென்ஸ். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட், ஆக 240 பென்ஸ். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் யாரோ வேண்டுமென்றே தொல்லை கொடுக்கச் செய்ததென்று நினைப்பார்கள். 1961 பிப்ரவரி 14இல் ராண்ட் வரும்வரை இங்கே இதுதான்.

இப்போது நம் எண்சுவடிக்கு, அதாவது பழைய தமிழ் வாய்ப்பாட்டுக்கு வாருங்கள். நம் பின்னக் கணக்கில் ஒன்றை இருபதாகப் பிரித்தால் ஒரு பங்கு மா. எண்பதாகப் பிரித்தால் காணி. முன்னூற்றிருபதாகப் பிரித்தால் முந்திரி. பவுண்டை 'ஒன்று' என்று வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள்.

ஷில்லிங் பவுண்டில் இருபதில் ஒன்று. அதாவது சரியாக ஒரு மா. எண்பதில் ஒன்று 3 பென்ஸ். இந்த நாட்டில் எல்லாரும் 'டிக்கி' என்று சொன்ன சின்ன வெள்ளிக்காசு அதுதான். ஒரு டிக்கி, ஒரு காணி. ஆறு பென்ஸ் அரைமா. ஒன்பது பென்ஸ் முக்காணி. மாவும் காணியும் சேர்ந்த மாகாணி பதினாறில் ஒன்று; அது ஒரு ஷில்லிங் 3 பென்ஸ், கூட்டிப் பார்த்தாலும் அதே. ஹாஃப் கிரவுன் என்ற இரண்டரை ஷில்லிங் காசு அரைக்கால். ஐந்து ஷில்லிங் கால், பத்து ஷில்லிங் அரை. அரைக்காணி ஒன்றரை பென்ஸ். கடைசியில் முந்திரி முக்கால் பென்ஸ், மூன்று ஃபார்த்திங்.

ரூபாயோடு கூட இது இப்படி ஒட்டாது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதால் ஓர் அணா மாகாணி ஆகும், வீசம் என்றும் சொல்வோம். ஆனால் மாவும் காணியும் அணா பைசாவில் முழுசாக விழாது. இங்கிலாந்துக்காரன் நாணயத்தில் விழுகிறது.

பண்ணையில் யாரோ இப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் கதை கட்டவில்லை. அந்தப் பிள்ளைகளின் தாத்தாவோ பாட்டியோ ஊர்த் திண்ணைப் பள்ளியில் மாகாணி வாய்ப்பாடு ஒப்பித்த ஆளாக இருந்திருந்தால், பேரனுக்குச் சந்தைக் கணக்குச் சொல்லிக்கொடுக்க அவருக்கு இங்கிலீஷ் பாடப்புத்தகமே தேவைப்பட்டிருக்காது. தாய்மொழியில் கணக்கு என்றால் வெறும் விளக்கம் மட்டும் தமிழில் என்று நினைக்கிறோம். அளவே தமிழில் இருந்தது.

கரும்புக்காடு
டீச்சர் அம்மா, கைகொடுங்கள். டிக்கியைக் கையில் வைத்து விளையாடியவன் நான், அது காணி என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

சந்தேகப் பிராணி
நன்றாக இருக்கிறது. ஆனால் டீச்சர் ஒரு இடத்தை வழுக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு பென்னி என்ன? காணியில் மூன்றில் ஒன்று. நம் எண்சுவடியில் மூன்றில் ஒன்றுக்கு இடம் எங்கே? மா, காணி, முந்திரி எல்லாம் இரண்டாலும் ஐந்தாலும் மட்டுமே வெட்டி வந்தவை. 320ஐ எத்தனை தடவை பிரித்தாலும் மூன்று வராது. பவுண்டில் மூன்று இருக்கிறது, 240இல் ஒளிந்திருக்கிறது. கடையில் ஒரு பென்னிக்கு உப்பு வாங்கப் போகிற பையன் என்ன சொல்வான்? முந்திரிக்கு மேல் ஒரு ஃபார்த்திங் என்றா?

கணக்கு டீச்சர்
கேள்வி சரியான கேள்வி. முந்திரி முக்கால் பென்ஸ், ஒரு ஃபார்த்திங் கால் பென்ஸ், கூட்டினால் ஒரு பென்னி! கிண்டலுக்குச் சொன்னீர்கள், விடை சரியாகவே வந்துவிட்டது. ஆனால் ஃபார்த்திங்குக்கு முந்திரிக் கணக்கில் பெயர் இல்லை என்பது உண்மை. முந்திரிக்குக் கீழே கீழ்முந்திரி என்று இன்னொரு அடுக்கு உண்டு, அதையும் 320ஆல்தான் பிரிப்பார்கள். அங்கேயும் மூன்று கிடையாது.

அதனால் டிக்கி வரைக்கும், டிக்கியை இரண்டாகவும் நாலாகவும் உடைப்பது வரைக்கும் தமிழ்க் கணக்கு, அதற்குக் கீழே சில்லறைக் காசு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மாதச் சம்பளம், வாடகை, அரிசி மூட்டை எல்லாம் டிக்கிக்கு மேலே இருக்கிற விவகாரம். உப்புக்கு விரலே போதும்.

கரும்புக்காடு
பல வயசுப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துப் பல பாடம் எப்படி நடத்தினார் என்று லாலி கேட்டாரே, அதற்கும் திண்ணைப் பள்ளியிலேயே விடை இருக்கிறது. திண்ணையில் ஒரு வாத்தியார், எல்லா வயசுப் பிள்ளைகளும். சின்னவன் மணலில் விரலால் அகரம் எழுதுவான், பெரியவன் ஏட்டில் கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூலைப் பார்ப்பான். சட்டாம்பிள்ளை, அதாவது வகுப்புத் தலைவன், முறை சொல்ல, மற்றவர்கள் கூடவே சொல்லி ஒப்பிப்பார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரி சென்னையில் அநாதைப் பையன்களின் பள்ளியை நடத்தியபோது, உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். பிள்ளைக்குப் பிள்ளை பாடம் சொல்லும் முறையைத் தன் பள்ளியில் கொண்டுவந்து, 1797இல் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர்.

டால்ஸ்டாய் பண்ணையிலும் பாடப்புத்தகம் பெரிசாகப் புழங்கவில்லை. பிள்ளைகளின் சோம்பலை விரட்டி, தானாகப் படிக்க வைத்து, மேற்பார்வை பார்ப்பதுதான் தன் வேலை, அதனால்தான் வேறுவேறு வயசும் வேறுவேறு பாடமும் ஒரே அறையில் ஓடின என்கிறார் காந்தி. அவர் திண்ணைப் பள்ளியைப் பார்த்துச் செய்யவில்லை. ஆள் பற்றாக்குறை அவரை அங்கேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

சந்தேகப் பிராணி
ஐயா, திண்ணையில் பிரம்பும் இருந்தது, பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடுகிற கோதண்டமும் இருந்தது. அதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

கரும்புக்காடு
சொல்லாமல் எப்படி! என் தாத்தா காதில் அந்தத் திருகல் கடைசிவரை இருந்தது.

லாலி ஸ்டேஷன்
டீச்சர் போட்ட காணி கணக்கை வைத்து ஒரு கேள்வித்தாள் தயார் பண்ணலாம் என்று தோன்றிவிட்டது. அந்தக் காலத்து உண்மையான எண்களை வைத்தே கேட்கலாம். ஒன்று நான் போடுகிறேன், சரிபார்த்துச் சொல்லுங்கள்.

டர்பன் இருக்கிற நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவருக்கு முதல் ஆண்டு மாசம் 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடி, ஐந்தாம் ஆண்டில் 14. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கினால் தலைக்கு ஆண்டுக்கு 3 பவுண்ட் வரி. 1895இல் போட்ட சட்டம். நேட்டால் அரசாங்கம் முதலில் கேட்டது 25 பவுண்ட், இந்திய வைஸ்ராய் எல்ஜின் 3க்கு ஒப்புக்கொண்டார். புருஷன், பெண்சாதி, பிறகு 16 வயசுக்கு மேற்பட்ட பையன், 13 வயசுக்கு மேற்பட்ட பெண் எல்லாரும் கட்ட வேண்டும். அப்பா, அம்மா, 17 வயசுப் பையன், 14 வயசுப் பெண் உள்ள வீட்டில் அப்பாவுக்கு மட்டும் மாசம் 14 ஷில்லிங் வருமானம். ஆண்டு வருமானம் எவ்வளவு, வரி எவ்வளவு?

கணக்கு டீச்சர்
14 ஷில்லிங் என்பது பதினாலு மா. அரையே நாலு மா என்று சொல்லுங்கள், பிள்ளைகளுக்குக் காதில் நிற்கும். அதைப் பன்னிரண்டால் பெருக்க, அரை பன்னிரண்டு தடவை 6. நாலு மா பன்னிரண்டு தடவை நாற்பத்தெட்டு மா, அதாவது 2 பவுண்டும் எட்டு மாவும். ஆக 8 பவுண்ட் 8 ஷில்லிங். வரி நாலு பேருக்கு 12 பவுண்ட்.

முழுச் சம்பளத்தையும் அப்படியே கட்டினாலும் 3 பவுண்ட் 12 ஷில்லிங் பாக்கி. சாப்பாட்டுக்கு ஒரு காணியும் எடுக்காமல்.

டர்பன் பேரன்
எங்கள் வீட்டில் இந்த மூணு பவுண்ட் வரியைப் பற்றி எவ்வளவோ கேட்டிருக்கிறேன். "கஷ்டம், கஷ்டம்" என்பார்கள். யாரும் பெருக்கிக் காட்டியதில்லை. 1913 வேலைநிறுத்தத்தில் சுரங்கத்திலும் தோட்டத்திலும் அத்தனை ஆயிரம் பேர் ஏன் இறங்கினார்கள் என்பதற்கு இந்த ஒரு பெருக்கல் போதும். 1914இல்தான் வரியை எடுத்தார்கள். லாலி, இதைக் கட்டாயம் முதல் கேள்வியாகப் போடுங்கள். 'மாம்பழம் விற்றான்' கணக்கு வேண்டாம்.

சந்தேகப் பிராணி
இந்தக் கணக்குக்கு நான் எதிர்ப்பு இல்லை. பண்ணையில் நடந்த மூன்று பீரியடில் இப்படி ஒரு கணக்குப் போட்டிருந்தால், சரி, என் பிள்ளையைச் சேர்த்திருப்பேன்.

லாலி ஸ்டேஷன்
இன்னொன்று இருக்கிறது. பண்ணையில் ஒரு விதி. பொதுக் காரியத்துக்கு என்றால் ரயிலில் போகலாம், மூன்றாம் வகுப்பு. சொந்தக் காரியமாகவோ வேடிக்கை பார்க்கவோ டவுனுக்குப் போகிறவர் நடந்துதான் போக வேண்டும். ராத்திரி 2 மணிக்குக் கிளம்புவார்கள். கையில் வீட்டு ரொட்டி. 21 மைலுக்கு ஆறேழு மணி நேரம் ஆகும். ஆகக் குறைந்த நேரம் 4 மணி 18 நிமிஷம். ஏழு மணி நேரத்தில் நடந்தவர் ஒரு மைலுக்கு எத்தனை நிமிஷம் எடுத்தார், அந்த வேகக்காரர் எத்தனை நிமிஷம்?

டர்பன் பேரன்
முதலாவது 420ஐ 21ஆல் வகுத்து 20 நிமிஷம். இரண்டாவது 258ஐ 21ஆல் வகுக்க 12 நிமிஷம், மீதி 6. இருபத்தொன்றில் ஆறு, அதாவது ஏழில் இரண்டு. நடையா ஓட்டமா அது? கிட்டத்தட்ட 34 கிலோமீட்டர்.

சந்தேகப் பிராணி
ஏழில் இரண்டு! டீச்சர், உங்கள் எண்சுவடியில் ஏழுக்கு எங்கே இடம்?

கணக்கு டீச்சர்
இல்லை. அரைக்காலும் அரைக்காலும் சேர்ந்தால் கால், அதற்கு மேல் ஒரு மாவில் முக்கால்வாசி போட்டால் பக்கத்தில் வந்துவிடும். கடைக்காரருக்கு அது போதும், பரீட்சைக்குப் போதாது. இந்தக் கேள்வியை வகுத்தல் கணக்காகவே விட்டுவிடுங்கள், தமிழ்ப் பின்னத்தைப் பணக் கணக்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

லாலி ஸ்டேஷன்
சரி, அப்படியே செய்கிறேன். வரிக் கணக்கு முதலில், நடைக் கணக்கு இரண்டாவது, நடுவில் மா, காணி, மாகாணிக்கு டீச்சர் சொன்ன காசுப் பட்டியல். கரும்புக்காடு ஐயாவிடம் பழைய டிக்கி காசு இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அச்சடித்து ஒட்டிக்கொள்கிறோம்.

கரும்புக்காடு
இரண்டு இருக்கிறது. ஒன்றில் ராஜா தலை, இன்னொன்றில் ராணி தலை. ராஜா தேய்ந்துபோயிருக்கிறார், பரவாயில்லையா?